ஜவ்வாதுமலையில் ஒரு கிலோமீட்டர் என்பது எவ்வளவு தூரம்?

சிறிய தொடக்கப் பள்ளிகளை இணைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் மலைக் கிராமப் பெற்றோர் கலங்குவது ஏன்? ஒரு விளக்கம்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது ஜவ்வாதுமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். இங்கே ஊர் என்பது தெருத்தெருவாக அடுத்தடுத்து நிற்கும் வீடுகள் அல்ல. சாமைக் கொல்லையை ஒட்டிப் பத்து வீடு, ஓடையைத் தாண்டினால் இருபது வீடு, மேட்டில் ஏறினால் இன்னும் சில வீடுகள். இப்படிச் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களில் தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேடும் மெலிந்துதான் இருக்கும். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளின் பட்டியலை எப்போது எடுத்தாலும் மலைப் பள்ளிகள் அதில் இடம்பெற்றுவிடுவது இதனால்தான். அந்தப் பட்டியலோடு சேர்ந்தே வருகிறது பெற்றோரின் பயமும்.

இணைப்பு என்றால் என்ன?

இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது, ஒரே வளாகத்தில் தனித்தனியாக இயங்கும் தொடக்கப் பள்ளியையும் உயர்நிலைப் பள்ளியையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவருவது. இதில் குழந்தை எங்கும் நகர்வதில்லை. இரண்டாவது, ஒரு சிறு பள்ளியை மூடி, அங்கே படித்த பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அனுப்புவது. மூன்றாவது, பள்ளிகள் அவை இருக்கும் இடத்திலேயே இருக்க, ஆசிரியர்களையும் நூலகத்தையும் விளையாட்டுப் பொருட்களையும் அவை பகிர்ந்துகொள்வது. 1964-66இல் கோத்தாரி கல்விக் குழு முன்வைத்த ‘பள்ளி வளாகம்’ என்ற யோசனை இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை அதையே மீண்டும் எடுத்துக்கொண்டு, ஓர் உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளியை மையமாக வைத்து ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள பள்ளிகளை ஒரு தொகுப்பாக்கலாம் என்றது.

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில், அருகிலுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் மேற்பார்வையில் கொண்டுவர அரசாணை வந்தது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அதே ஆண்டு, ஒரு மாணவர்கூட இல்லாத 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்றப்போவதாகவும் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில், ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், சிறு பள்ளிகளை இணைக்கக் கூடாது என்பதும் ஒன்று. 2025இல் மாணவர் சேர்க்கையே இல்லாத அரசுப் பள்ளிகள் 200ஐத் தாண்டிவிட்டன என்ற செய்தி இணைப்புப் பேச்சை மறுபடி கிளப்பியது. பெற்றோருக்கு வேண்டியது ஒரே ஒரு தெளிவு: மேற்சொன்ன மூன்றில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? அதைச் சொல்லாமல் ‘இணைப்பு’ என்று மட்டும் சொன்னால், மூடப்போகிறார்கள் என்றுதான் ஊர் புரிந்துகொள்ளும்.

மலைப் பள்ளிகள் யார் கையில்?

சமவெளியில் தொடக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஜவ்வாதுமலையில் அதோடு பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வனத்துறை நடத்தும் பள்ளிகளும் சேர்ந்துகொள்கின்றன. அடுத்தடுத்த இரண்டு ஊர்ப் பள்ளிகளுக்கு இரண்டு துறைகள், இரண்டு விதமான ஆசிரியர் நியமனம் என்ற நிலை இங்கே உண்டு. பல்வேறு துறைகளின் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும் என்று 2023-24 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நிர்வாகம் ஒன்றாவதில் நன்மை இருக்கலாம். ஆனால் ஒரே துறையின் பட்டியலுக்கு வந்த பிறகு, பக்கத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகளில் ஒன்று போதுமே என்ற கேள்வியும் எழக்கூடும். அந்தக் கேள்விக்கு வரைபடத்தை மட்டும் பார்த்து விடை சொல்லிவிடக் கூடாது.

இணைப்புக்கு ஆதரவான வாதம்

அதில் உண்மை இருக்கிறது. நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய 28 விழுக்காட்டில் 30 மாணவர்கள்கூட இல்லை என்றும், ஓராசிரியர் பள்ளிகள் 1,08,017 இருந்தன என்றும் 2016-17 புள்ளிவிவரத்தைக் காட்டிப் பேசுகிறது தேசியக் கல்விக் கொள்கை. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளுக்கும் பாடம் எடுத்து, பதிவேடு எழுதி, கூட்டத்துக்கும் போக வேண்டும். அவர் மருத்துவ விடுப்பு எடுத்தால் பள்ளிக்கே விடுமுறை. நான்காம் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை என்றால் அதற்குப் போட்டி போடவும் விளையாடவும் தோழமை இல்லை. கணினி, நூலகம், விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் ஒவ்வொரு குக்கிராமத்திலும் அமைப்பது கடினம். பெரிய பள்ளியில் இவை கிடைக்கும் என்பதைப் பெற்றோரும் அறிவார்கள். நல்ல படிப்பு வேண்டாம் என்று எந்த மலைக் கிராமமும் சொல்லவில்லை. ஜவ்வாதுமலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, ஏலகிரி மலையில் படித்து, சட்டம் முடித்து, 2024இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றபோது இந்த மலை முழுக்கக் கொண்டாடியது.

பெற்றோரின் கவலைகள்

முதல் கவலை, பாதை. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது இங்கே ஒரு சரிவில் இறங்கி, ஓடையைக் கடந்து, எதிர் மேட்டில் ஏறுவதாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஓடையில் தண்ணீர் ஓடும். கரடியும் காட்டுப்பன்றியும் நடமாடும் வழி. ஐந்தாம் வகுப்புப் பையன் ஓடிக் கடந்துவிடும் இடத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும்.

இரண்டாவது, வண்டி. பாதை கடினம் என்றால், வண்டி விடுகிறோம் என்று பதில் வரும். மலைப்பாதையில் வண்டி என்றாலே இங்குள்ளவர்களுக்கு அச்சம் வரக் காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் புதூர்நாடு அருகே சேம்பரை மலைப்பாதையில், கோயிலுக்குப் போன வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். பல குக்கிராமங்களுக்கு வண்டி போகும் சாலையே இல்லை. 2023 மே மாதம் அணைக்கட்டு வட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, சாலை இல்லாததால் தாய் கையில் சுமந்து கிலோமீட்டர் கணக்கில் நடந்ததை நாடே பார்த்தது. ஆம்புலன்ஸ் ஏற முடியாத ஊருக்குப் பள்ளி வேன் எப்படி ஏறும்?

மூன்றாவது, காலை நேரம். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, முதற்கட்டத்தில் எடுத்துக்கொண்ட 1,545 பள்ளிகளில் 237 பள்ளிகள் தொலைதூர, மலைப் பகுதிகளைச் சேர்ந்தவை. விடிந்ததும் கூலி வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு, பிள்ளை பள்ளியில் சூடாக உப்புமாவோ பொங்கலோ சாப்பிடும் என்பது பெரிய ஆறுதல். பள்ளி தூரமாகப் போனால், அந்த உணவு வேளைக்குள் போய்ச் சேர, குழந்தை வெறும் வயிற்றோடு ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும். மழை நாளில் தாமதமானால் காலைச் சாப்பாடு போச்சு.

நான்காவது, அதிகாரிகளின் கணக்கில் பெரும்பாலும் வராத ஒன்று: பால்வாடி. அங்கன்வாடி மையம் பல ஊர்களில் பள்ளியை ஒட்டியே இருக்கிறது. நாலாவது படிக்கும் அக்கா, மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கி வந்து பால்வாடியில் விட்டுவிட்டுத் தன் வகுப்புக்குப் போவாள். மதியம் எட்டிப் பார்ப்பாள். மாலையில் கூட்டிப் போவாள். பள்ளியை மட்டும் வேறு ஊருக்கு மாற்றினால் இந்த ஏற்பாடு குலையும். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டிலேயே நின்றுவிடுவாள். பெண் பிள்ளையின் படிப்பு நிற்பது பல நேரம் இப்படித்தான், யாரும் ‘நிறுத்து’ என்று சொல்லாமலே.

ஐந்தாவது, ஹாஸ்டல். தூரம் அதிகமென்றால் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கலாமே என்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது வழியாகலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு அம்மாவைவிட்டுப் பிரிவது படிப்பின் விலையாக இருக்கக் கூடாது. வேலை தேடிக் காபித் தோட்டங்களுக்கும் வெளியூர்களுக்கும் போகும் குடும்பங்கள் இந்த மலையில் நிறைய. உள்ளூரில் பள்ளி இருந்தால் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போவார்கள். இல்லையென்றால் பிள்ளையும் தோட்டத்துக்குப் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டர் நடைதூரத்துக்குள், ஆறு முதல் எட்டுவரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது பொது வரையறை. மலையில் வாழ்வோர் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த வரியை. கரடுமுரடான நிலம், மண்சரிவு, வெள்ளம், சாலையின்மை போன்ற ஆபத்துகள் உள்ள இடங்களில் அந்தத் தூரத்தை இன்னும் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும் என்கின்றன 2010ஆம் ஆண்டு மத்திய மாதிரி விதிகள். ஆக, மலைக்குச் சலுகை கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம். ஏற்கெனவே எழுதி வைத்த நியாயத்தைத்தான் பெற்றோர் கேட்கிறார்கள்.

இன்னொன்று: 60 பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது அதே சட்டத்தின் அட்டவணை. பத்துப் பிள்ளைகள் என்றாலும் இரண்டு பேர்தான். அப்படியானால் ஓராசிரியர் பள்ளி என்பது பள்ளியின் குற்றம் அல்ல, நிரப்பாத பணியிடத்தின் குற்றம். ஆசிரியரைப் போடாமல் விட்டு, தரம் இல்லை என்று பிள்ளை விலகி, பிள்ளை இல்லை என்று பள்ளியை மூடுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

பிற இடங்கள் கற்ற பாடம்

உத்தரப் பிரதேச அரசு 2025 ஜூன் 16 அன்று, 50க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க உத்தரவிட்டது. சீதாப்பூர் மாவட்டக் குழந்தைகள் நீதிமன்றம் போனார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஜூலை 7 அன்று மனுவைத் தள்ளினார். ஜூலை 24 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, சீதாப்பூரில் இருக்கும் நிலையே தொடரட்டும் என்றது. அந்த மாத முடிவில், ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரமுள்ள பள்ளிகளை இணைக்க மாட்டோம் என்று அரசே இறங்கிவந்தது. பக்கத்துக் கேரளத்தில் மலைவாழ் குழந்தைகளுக்காகக் காட்டுக்குள் இயங்கிய ஓராசிரியர் மையங்கள் 2022இல் மூடப்பட்டன. அங்கே நெடுங்காலம் கற்பித்தவர்கள் சிலருக்குத் துப்புரவுப் பணி தரப்பட்டது பெரும் வேதனையைக் கிளப்பியது.

சீனா இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2000க்குப் பிந்தைய பத்தாண்டில் அங்கே கிராமத் தொடக்கப் பள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்தன. 2012இல் அந்நாட்டு அரசே அதை நிறுத்தி, மூன்றாம் வகுப்புவரை உள்ள குழந்தைகள் பொதுவாக விடுதியில் தங்கக் கூடாது, பள்ளிக்குப் போக ஒரு வழிக்கு 40 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று நெறி வகுத்தது. தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் நேரத்தில் அளந்த அந்த நெறி, ஜவ்வாதுமலைக்கு அப்படியே பொருந்தும். ஸ்காட்லாந்தில் 2010ஆம் ஆண்டுச் சட்டம், கிராமப் பள்ளியை மூடும் முன் பெற்றோரிடம் முறையாகக் கருத்துக் கேட்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

குழந்தையை நகர்த்தாமல் என்ன செய்யலாம்?

சிறு பள்ளியில் பாடம் நடத்தும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலின் வேர், ஆந்திரத்தின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் இருக்கிறது. பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் அமரும் சிறு பள்ளிகளுக்கென்றே உருவான முறை அது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலையால்தான் பிரிக்கிறது. எண்ணிக்கை குறைவது மட்டுமே கற்றலுக்குத் தடையாகிவிடாது.

எனவே மூன்றாவது வகை இணைப்பை மலையில் முயன்று பார்க்கலாம். கணினி, உடற்கல்வி, கலை ஆசிரியர்கள் ஒரு தொகுப்பின் பள்ளிகளுக்கு முறைவைத்துப் போகட்டும். அவர்களுக்கு மலைப்படியும் தங்கும் வீடும் தாமதமின்றிக் கிடைக்கட்டும். ஓர் ஆசிரியர் விடுப்பு எடுத்தால் தொகுப்பிலிருந்து இன்னொருவர் வரட்டும். மாதம் ஒரு நாள் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் கூடி விளையாடட்டும். இரண்டாம் வகுப்புவரை உள்ளூரிலும் அதற்கு மேல் தொகுப்புப் பள்ளியிலும் படிக்கலாம் என்ற நடுவழியைப் பெற்றோர் ஒப்புக்கொண்டால், அதையும் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். பெரியவர்கள் நகர முடியும். ஐந்து வயதுக் குழந்தையை நகர்த்துவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. இணைப்புப் பேச்சு வந்தால் இந்த இரண்டு இடங்களிலும் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை: எந்த வகை இணைப்பு? ஒன்றாம் வகுப்புக் குழந்தையோடு மழைக்காலத்தில் அந்தப் பாதையை அதிகாரி நடந்து பார்த்தாரா? வண்டியா, வழித்துணையா, அதற்கான பணம் எங்கிருந்து? தொலைவிலிருந்து வரும் குழந்தைகளின் போக்குவரத்துக்கு நிதி தருவது சமக்ர சிக்ஷா திட்டம். தமிழ்நாட்டுக்கு 2024-25இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்ததை நினைத்தால், வெறும் வாக்குறுதி போதாது. காலை உணவு, பால்வாடி என்ன ஆகும்? ஓராண்டில் எந்தப் பிள்ளையாவது இடைநின்றால் பழைய பள்ளி திரும்பத் திறக்கப்படுமா? தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்ட கேள்விக்கு ஒரு பதில் கோப்பில் ஏறியே ஆக வேண்டும்.

1954இல் காமராசர் முதல்வரான பின், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையை நடத்திய காலத்தில், பள்ளியைக் குழந்தை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதும், வந்த குழந்தைக்குச் சோறு போடுவதும்தான் கொள்கையாக இருந்தது. தமிழ்நாட்டின் எழுத்தறிவு அந்த வழியில் வளர்ந்தது. அந்த வழி சமவெளியை முதலில் தொட்டது. மலைக்கு மெதுவாகத்தான் ஏறியது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் படித்து முடிக்கும்வரையாவது, எண்ணிக்கை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எந்த மலைப் பள்ளியின் கதவையும் பூட்டக் கூடாது.