அத்திப்பட்டும் ஒரு பிரதமரின் ஆட்சிக்காலமும்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டி, கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தைக் கடந்து அத்திப்பட்டுப் புதுநகரில் நிற்கும்பொழுது, கிழக்கு ஜன்னலோரம் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு முதலில் தென்படுவன வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளே. அவற்றுக்கும் அப்பால், கடலோரத்தில் கிடக்கும் எண்ணூர்த் துறைமுகம், அடல் பிகாரி வாஜ்பாய் பிரதமராயிருந்த காலத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அவருடைய ஆட்சிக்காலம் என்றதும் பொக்ரானும் கார்கிலும் நினைவுக்கு வருவது இயல்பே. 1996-ல் பதின்மூன்று நாள் மட்டுமே பதவி வகித்து விலகிய அவர், 1998 மார்ச்சில் மீண்டும் பிரதமரானார். இரண்டே மாதத்தில், மே 11, 13 தேதிகளில் ராஜஸ்தானப் பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. மறு வருஷம் பிப்ரவரியில் பஸ்ஸிலேறி லாகூர் சென்று சமாதானக் கரம் நீட்டினார். ஆயினும் அந்த மந்திரிசபையின் ஆயுளை நிர்ணயித்தது தமிழ்நாடுதான். அண்ணா தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, 1999 ஏப்ரல் 17-ம் தேதி நம்பிக்கைத் தீர்மானம் ஒரே ஒரு வாக்கில், 269-க்கு 270 என்ற கணக்கில், தோற்றது. கோடையில் கார்கில் யுத்தம் மூண்டது. அது முடிந்தபின் நடந்த தேர்தலில் வென்று, இம்முறை தி.மு.க.வையும் கூட்டணியில் கொண்டு, அக்டோபரில் அவர் மறுபடியும் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

இத்தனை கொந்தளிப்புக்கும் நடுவே எண்ணூர்த் துறைமுகத்தின் வேலை தடையின்றி நடந்துவந்தது என்பதை நான் சிறப்பாகவே கருதுகிறேன். அரசு கவிழ்வதற்கு முந்தின மாதமான 1999 மார்ச்சில் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. புதிய மந்திரிசபை அமைந்த அதே அக்டோபரில் கம்பெனியாகப் பதிவாயிற்று. நாட்டின் மற்றப் பதினொரு பெருந்துறைமுகங்களும் அப்போது பொறுப்புக் கழகங்களின் நிர்வாகத்தில் இருக்க, பன்னிரண்டாவதான இதுவே கம்பெனிச் சட்டப்படி அமைந்த முதலாவது. 2001 பிப்ரவரி 1-ம் தேதி, குஜராத் பூகம்பம் நிகழ்ந்து ஒரு வாரங்கூட ஆகாத நிலையில், பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2014-ல் காமராஜர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

துறைமுகம் பிறந்ததே நிலக்கரிக்காகத்தான். 210 மெகாவாட் திறனுள்ள மூன்று யந்திரங்கள் 1994-லிருந்து 1996-க்குள் அனல்மின் நிலையத்தில் ஓடத் தொடங்கியபோது, ஒரிசாவின் தால்சேர்ச் சுரங்கங்களில் வெட்டிப் பாரதீப்பில் கப்பலேற்றிய கரியைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து மறுபடியும் வடக்கே கொண்டுவர வேண்டியிருந்தது. இப்பொழுதோ கப்பலிலிருந்து இறங்கும் கரி, நகரும் பட்டையின்மேல் ஏறி நேரே மின்நிலையத்துக்குப் போய்ச் சேருகிறது. சென்னைத் துறைமுகத்தை அடுத்த ராயபுரத்து வீடுகளில் கொடியில் உலர்த்திய வெள்ளை வேட்டி கரித்தூள் படிந்து மாலைக்குள் கறுத்துப்போன காலம் ஒன்று உண்டு. உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2011-ல் சென்னைத் துறைமுகத்துக் கரி வாணிபமும் எண்ணூருக்கு மாறிய பிறகே அந்தத் தொல்லை அங்கே தீர்ந்தது.

தீர்ந்தது ராயபுரத்துக்கு. எந்தக் கழிமுகம் தலைமுறை தலைமுறையாக மீனவருக்கும் இருளருக்கும் சோறிட்டதோ, அதன் கரையிலேயே கரியும் சாம்பலும் வந்து தங்கின. ஆறு பல இடங்களில் சாம்பற் சேற்றால் மேடிட்டுப்போயிற்று. நாட்டின் விளக்கெரிய யாரோ சிலர் தம் நீரை இழக்க நேரும்போது, அந்த இழப்பும் அந்த ஆட்சிக்கால நிகழ்ச்சிகளோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீர் வற்றும் நேரத்தில் இன்றும் இங்கே இருளப் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். கை மேலே வரும்போது பல சமயம் அதில் இருப்பது சாம்பல்தான்.