அரிசியும் ஆயுதம் ஆனது!

துப்பாக்கி ஓர் ஆயுதம். பீரங்கி ஓர் ஆயுதம். அரிசி ஆயுதம் ஆகுமா? மலாயாவில் ஆனது!

இன்றைய மலேசியாவின் ஒரு பகுதிதான் மலாயா. அதை வெள்ளைக்காரர்கள் ஆண்டார்கள். அங்கே விளைந்த ரப்பரும், தோண்டி எடுத்த வெள்ளீயமும் பிரிட்டனுக்குப் பணத்தை அள்ளித் தந்தன.

1948-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, சுங்கை சிப்புட் என்ற ஊரின் அருகே மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் கம்யூனிஸ்டு கொரில்லாக்கள். இரண்டே நாளில் நாடு முழுவதும் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டது. அது 12 ஆண்டுகள் நீடித்தது.

நேற்று நண்பர், இன்று எதிரி

கொரில்லாக்களின் தலைவர் சின் பெங். உலகப் போரின்போது பிரிட்டிஷாருடன் சேர்ந்து ஜப்பானியரை எதிர்த்தவர். அதற்காகப் பட்டமும் பெற்றவர். அவரையே இப்போது பிரிட்டிஷார் தேடினார்கள்.

சட்டங்கள் கடுமையாயின. விசாரணை இல்லாமல் சிறையில் அடைத்தார்கள். அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு! தொழிற்சங்கத் தலைவராக இருந்த தமிழர் எஸ்.ஏ.கணபதி மீது இந்தக் குற்றம் சாட்டப்பட்டது. அவரைக் காப்பாற்ற இந்திய அரசு முயன்றது. பலன் இல்லை. 1949 மே 4-ந் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1948 டிசம்பரில், பத்தாங் காலியில் ஆயுதம் இல்லாத கிராமத்தார் 24 பேரைப் பிரிட்டிஷ் பட்டாளம் சுட்டுக் கொன்றது.

இவ்வளவு செய்தும் சண்டை ஓயவில்லை. ஏன்?

காட்டோரம் குடிசை போட்டுப் பயிர் செய்த சீன ஏழைகளிடம் இருந்து கொரில்லாக்களுக்கு அரிசி போனது. சிலர் அன்பால் கொடுத்தார்கள். சிலர் பயந்து கொடுத்தார்கள்.

முள்வேலிக்குள் 5 லட்சம் பேர்

1950-ல் ஜெனரல் பிரிக்ஸ் ஒரு திட்டம் போட்டார். சுமார் 5 லட்சம் பேரை லாரிகளில் ஏற்றி, "புதுக் கிராமங்கள்" என்ற இடங்களில் குடியேற்றினார்கள். சுற்றிலும் முள்வேலி. வாசலில் காவல். இரவில் ஊரடங்கு.

அரிசிக்கு ரேஷன். பால் மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் சோதனை போட்டார்கள். மதியச் சோறு கொண்டு போகவும் தடை! டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் டின்னில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்ட டின்னைக் காட்டில் பதுக்க முடியாது அல்லவா? சில ஊர்களில் அரிசியைச் சோறாக்கித்தான் கொடுத்தார்கள். சோறு சீக்கிரம் கெட்டுவிடும்.

1951-ல் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்தவர் ஜெனரல் டெம்ப்ளர். தஞ்சோங் மாலிம் ஊர் அருகே ஒரு தாக்குதல் நடந்ததும், ஊருக்கே தண்டனை கொடுத்தார். தினமும் 22 மணி நேரம் ஊரடங்கு. அரிசி ரேஷனும் குறைந்தது. யாரோ செய்த குற்றத்துக்குக் குழந்தைகளும் தண்டனை அனுபவித்தார்கள்.

ஆனால், மக்களின் மனத்தை வெல்லாமல் சண்டையை வெல்ல முடியாது என்று சொன்னவரும் இதே டெம்ப்ளர்தான். புதுக் கிராமங்களுக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவ வசதியும் வந்தன. சீனர் பலருக்குக் குடியுரிமை கிடைத்தது. சுதந்திரம் தருவதாக வாக்குறுதியும் தரப்பட்டது.

1957 ஆகஸ்டு 31-ந் தேதி மலாயா சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்காரரை விரட்டவே போராடுகிறோம் என்று கொரில்லாக்கள் இனிச் சொல்ல முடியவில்லை. பலர் சரண் அடைந்தார்கள். 1960 ஜூலை 31-ந் தேதி அவசர நிலை முடிந்தது.

அதற்குள் மாண்டவர்கள் சுமார் 11 ஆயிரம் பேர். அவர்களில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், எந்தப் பக்கமும் துப்பாக்கி தூக்காத சாதாரண மக்கள்.