மின்சாரத்தோடு மல்லாடும் மராமத்து ஊழியர்கள்
சிறு பட்டறைகளுக்கும் கட்டுப்படியாகும் ஆபத்துப் பரிசோதனை

பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை, முலாம் பூசும் கூடம், அச்சு செய்யும் பட்டறை என்று சிறு தொழில்கள் நெருக்கமாக நடக்கின்றன. இயந்திரம் நின்றுவிட்டால் முதலில் கூப்பிடப்படுபவர் எலக்ட்ரீஷியன். கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்த தமிழர்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

இயந்திரத்தை ஓட்டுகிறவர் சுவிட்சைத் தொட்டால் போதும். மராமத்து ஊழியரோ மூடியைக் கழற்றி உள்ளே கையை விட வேண்டியவர். "லைனை நிறுத்தாமல் பார்த்துவிடப்பா, ஆர்டர் அவசரம்" என்று முதலாளி சொன்னால், மறுத்துப் பேச எத்தனை பேரால் முடியும்?

பியூஸ் காப்பாற்றாது

பியூஸ் கட்டைதான் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். பியூஸ் காப்பாற்றுவது கம்பியை, மனிதனை அல்ல.

230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் மின்சாரம் எடுக்கிறது. உடலில் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே, பிடித்த கம்பியைக் கை விடாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியரில் மூச்சு தடைப்படலாம். இன்னும் கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். இத்தனை நடந்தாலும் 5 ஆம்பியர் பியூசுக்கு ஒன்றுமே தெரியாது.

இதற்காகத்தான் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி வந்தது. ஆனால் அதுவும் பூமிக்குக் கசியும் மின்சாரத்தைத்தான் அறியும். ஒரு கையில் ஒரு பேஸும் மறு கையில் இன்னொரு பேஸும் பட்டால் அது சும்மா இருக்கும்.

என்ன பார்க்க வேண்டும்?

பேனலில் தீப்பிழம்பு வெடித்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடும் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் அதிகம் ஆகும். சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் பெரிய ஆலைக்கு அது தேவை. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறை அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை. லைசென்சு உள்ள மின் ஒப்பந்தக்காரர் ஒருவர் மெக்கர், கிளாம்ப் மீட்டர், எர்த் டெஸ்டர் ஆகியவற்றுடன் வந்து ஓரிரு நாள் பார்த்தாலே பெரும்பாலான ஆபத்துகள் வெளிப்பட்டுவிடும்.

முதலில் எந்தச் சுவிட்ச் எந்த இயந்திரத்துக்கு என்று ஒரு படம் வரைய வேண்டும். இதுதான் பல இடங்களில் கிடையாது. ஒவ்வொரு மெஷினாக வாங்கிச் சேர்த்ததில், கம்பிகளும் கண்டபடி சேர்ந்திருக்கும். மெயினை அணைத்த பிறகும், வேறு போர்டிலிருந்து வரும் கண்ட்ரோல் கம்பியில் மின்சாரம் இருக்கும். ஜெனரேட்டர் வழியாகவும் திரும்பி வரலாம். பவர் பேக்டருக்காக மாட்டிய கப்பாசிட்டர், அணைத்த பின்னும் சில நிமிடங்கள் சார்ஜை வைத்திருக்கும்.

அடுத்தது எர்த். 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்றன. பல இடங்களில் ஒன்று அறுந்து கிடக்கும், மற்றொன்று துருப்பிடித்திருக்கும். எர்த் அளவைக் கோடையில் எடுப்பதே சரி. மழை நாளில் மண் ஈரமாக இருப்பதால் அளவு நன்றாகவே வந்து ஏமாற்றும்.

மோட்டார்களை 500 வோல்ட் மெக்கரால் சோதித்து, ஒரு மெகா ஓமுக்குக் குறைந்ததைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

வாங்க வேண்டிய பொருள்களில் மலிவானது பூட்டு. சுவிட்சை அணைத்துப் பூட்டி, வேலை செய்பவரே சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகும் டெஸ்டரால் ஒருமுறை தொட்டுப் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். டெஸ்டர் சரியாக இருக்கிறதா என்பதை, முன்னதாக மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்துக்கொள்வது அவசியம்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-லும் பின்னர் 2023-லும் பாதுகாப்பு விதிமுறைகளை வெளியிட்டது. மின்விபத்து நேர்ந்தால் மின் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

செலவுதான் தடை என்றால், ஒரே தெருவிலுள்ள ஐந்தாறு பட்டறைகள் சேர்ந்து ஒரே ஒப்பந்தக்காரரை அமர்த்திக்கொள்ளலாம். அவர் கருவிகளோடு ஒருமுறை வந்தால் போதும். அவர் தரும் குறிப்பில் சிவப்பு மையால் எழுதியவற்றை அந்த வாரமே சரிசெய்து, மற்றவற்றை வார விடுமுறை நாளில் பார்த்துக்கொள்ளலாம். ஆர்.சி.சி.பி.யிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதாமாதம் அழுத்திப் பார்க்கவோ யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.