ஓவன் அடுப்பும் ஒரு பிடி சாம்பலும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்வோர் கல்லாற்றைக் கடந்தே செல்ல வேண்டும். அதற்கப்பால்தான் பெயர்பெற்ற 22 கொண்டையூசி வளைவுகளும் தொடங்குகின்றன. வருவோர் பலரும் ஆற்றில் சற்றே கால் நனைத்துவிட்டு மலையேறிவிடுவர். இங்கேயே வாழ்கின்றவர்களுக்கோ ஆற்றினும் மழையே நெருங்கிய உறவு. ஆனி, ஆடித் திங்களில் துணி உலர்வதில்லை, விறகு உலர்வதில்லை, ஆயினும் அடுப்பு எரிந்தாக வேண்டும். நெல்லைச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்திற்கு வந்த பாட்டனாரின் வழியில் பிறந்தவள் நான். லயத்து வீட்டில் ஈரவிறகின் புகையோடு வளர்ந்தவள் ஆதலால், அடுப்பைத் துப்புரவாக வைத்திருப்பது பற்றிச் சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

சென்ற ஆண்டு, வெளிநாட்டு நகரமொன்றில் வாழும் என் தங்கை மகளிடமிருந்து ஒரு மடல் வந்தது. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது, ஓவன் அடுப்பு கறைபிடித்துக் கிடந்ததென்று கூறி, முன்பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டாராம். பணம் போனது ஒருபுறம் இருக்க, கறையைப் போக்குவதற்காகக் கடையில் வாங்கிய நுரைமருந்து பட்டு அவளது வலது முன்கை வெந்துபோயிற்று. “பெரியம்மா, நீங்கள் சாம்பலைக் கொண்டே எல்லாவற்றையும் பளபளக்கச் செய்வீர்களே, இதற்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?” என்று கேட்டிருந்தாள். அவளுக்கு எழுதிய மறுமொழியையே சற்று விரித்து இங்கே தருகிறேன். மலையை விட்டு வெளியூர் சென்று வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று ஓவன் இருக்கிறது. அதனைத் துலக்கும் முறையை நம்மில் எவருக்கும் தாய் கற்பித்ததில்லை.

ஓவன் என்பது நமக்கு முற்றிலும் புதியதன்று. ஈழத்துத் தமிழர் அதனைப் போறணை என்பர். போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல் அது. கேரளத்து ரொட்டிக் கடைகளில் விறகெரித்துச் சூடேற்றும் பெரிய அடுப்புக்குப் போர்மா என்று பெயர். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. கிறிஸ்துமஸ் வந்தால், மணல் பரப்பிய பானைக்குள் கேக்குத் தட்டை இறக்கி, மூடிமேல் தணலிட்டு, மேலும் கீழும் சூடு காட்டி வேகவைப்போம். கேக்கு ஒருபுறம் கருகும், மறுபுறம் வேகாது நிற்கும். அதனை உண்ணாதவர் எவருமிலர்.

கறை எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எண்ணெயும் நெய்யும் ஓவனின் சுவரில் தெறித்தவுடன் ஈரத்துணியால் துடைத்தாலே போய்விடும். துடைக்காமல் மீண்டும் மீண்டும் சூடேற்றினால், அந்தக் கொழுப்பு காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி இறுகி, வார்னீஷ் போன்ற பழுப்புத் தோலாக மாறுகிறது. புதிய இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிக் காய்ச்சிக் காய்ச்சிப் பழக்குகிறோம் அல்லவா? அங்கே நிகழ்வதும் இதுவே. கல்லில் நாம் விரும்பி வளர்க்கும் அதே தோலை ஓவனில் விரோதியாகக் கருதுகிறோம். சர்க்கரைப் பாகோ வேறு வகை. அது கருகிக் கரியாகவே ஒட்டிக்கொள்ளும்.

இறுகிய கொழுப்பைக் கரைக்க வல்லது காரம். காரமும் கொழுப்பும் கூடினால் சவர்க்காரம் உண்டாகும். சவர்க்காரம் நீரில் கரையும். நம் பாட்டிமார் சாம்பலால் பாத்திரம் துலக்கியது இந்த நியதியின்படிதான். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரப்பொருள் இருக்கிறது. தேங்காய் மட்டையின் சாம்பலில், நாஞ்சில் நாட்டார் சொல்வதுபோல் கதம்பைச் சாம்பலில், அது மிகுதி. என் தங்கை மகளின் கையை வேகவைத்த நுரைமருந்தில் இருந்ததும் காரம்தான். ஆனால் அது காஸ்டிக் சோடா. சாம்பலுக்கு ஏற்கெனவே அறிமுகமான குடும்பத்தின் மிக முரட்டு உறுப்பினன் என்று அதனைச் சொல்லலாம். கொழுப்பைக் கரைக்கும் அப்பொருள் தோலையும் கரைக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும்.

ஆகையால், அன்றாடக் கறைக்கு மெல்லிய காரமே போதும். ஆப்பச் சோடா எந்த நாட்டிலும் கிடைக்கும். செய்யும் முறை இது. மின் ஓவனாயின் செருகியைப் பிடுங்கிவிடுக. வாயு ஓவனாயின் வாயுக் குழாயை அடைத்துவிடுக. அடுப்பு முழுதும் ஆறிய பின்னர் கம்பித் தட்டுகளையும் அடித்தட்டையும் வெளியே எடுத்து, வெந்நீரில் சவர்க்காரம் கரைத்து ஊறவிடுக. அரைக் கோப்பை ஆப்பச் சோடாவில் இரண்டு மூன்று மேசைக் கரண்டி நீர் சேர்த்து, தோசைமாவினும் சற்று இறுகலாகக் குழைத்து, உட்புறமெங்கும் பூசுக. சூடேற்றும் கம்பிகளிலும், வாயு வெளிவரும் துளைகளிலும், விசிறியிலும், கதவோரத்து அடைப்பு வளையத்திலும் அது படக்கூடாது. மாலையில் பூசினால் மறுநாட் காலைவரை அப்படியே விட்டுவிடுக. பொறுமையே இம்முறையின் பாதி. ஆப்பச் சோடா மெல்லிய காரமாதலால் ஒரு மணி நேரத்தில் அதனிடம் வேலை எதிர்பார்ப்பது நியாயமன்று.

காலையில் ஈரத்துணியால் வழித்தெடுத்தால் பழுப்புக் குழம்பாக வரும். எஞ்சிய வெண்பொடியின் மேல் சிறிது வினிகர் தெளித்தால் நுரைத்தெழும், பின் துடைத்துவிடலாம். சிலர் தொடக்கத்திலேயே சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து, அது பொங்குவதைக் கண்டு மகிழ்கிறார்கள். பொங்கி அடங்கியபின் அக்கலவையில் காரமும் இல்லை, புளிப்பும் இல்லை. ஒன்றையொன்று அழித்துவிட்டு உப்புநீர்தான் மிஞ்சும். முதலில் சோடா, கடைசியில் வினிகர் என்ற வரிசை மாறக்கூடாது. விடாப்பிடியான இடத்தில் இரண்டாம் நாளும் பூசுக. கத்தியாலும் இரும்பு நாராலும் சுரண்டினால் எனாமல் பூச்சு பெயர்ந்து, அவ்விடத்தில் துரு பிடிக்கும். கண்ணாடியில் கீறல் விழும். பாட்டியின் சாம்பலையும் இங்கே நான் பரிந்துரைக்கவில்லை. அதில் மணற்பொடி கலந்திருக்கும். வெண்கலச் செம்புக்கு ஏற்றது கண்ணாடிக் கதவுக்கு ஏற்றதன்று.

அலுமினியத் தட்டுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சலவைச் சோடாவும் காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். இட்லித் தட்டைச் சலவைச் சோடாவில் ஊறவைத்து நானே ஒருமுறை பாழாக்கியிருக்கிறேன். கறுத்த கறுப்பு பின்னர் போகவே இல்லை.

கறை மிக முற்றி, நுரைமருந்தை நாடியே தீரவேண்டுமானால், நீண்ட ரப்பர்க் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு செய்க. குழந்தைகள் அவ்வறையில் இருத்தல் கூடாது. தோலில் பட்டால், ஓடும் குழாய் நீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டி, மருத்துவரை அணுகுக. காரத்தை முறிக்க வினிகர் ஊற்றுவது புண்ணைப் பெரிதாக்கும். கழிவறைக்குப் பயன்படுத்தும் பிளீச்சிங் திரவத்தை வினிகரோடு ஒருபோதும் சேர்க்கலாகாது. அதிலிருந்து குளோரின் வாயு எழும். அடைத்த சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சில விலையுயர்ந்த ஓவன்கள் தம்மைத் தாமே துப்புரவு செய்துகொள்ளும். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1963-ஆம் ஆண்டில் இத்தகைய ஓவனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கதவு தானே பூட்டிக்கொள்ள, உட்புறம் ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, கறை யாவும் சாம்பலாகிவிடும். ஆறியபின் துடைத்தெடுப்பதே நம் வேலை. ஆக, அவர்களும் இறுதியில் சாம்பலுக்கே வந்து சேர்ந்தார்கள்! இவ்வகை ஓவனில் நுரைமருந்து தெளிக்கலாகாது. கம்பித் தட்டுகளை வெளியே எடுத்துவிட வேண்டும். வீட்டில் கிளி முதலிய பறவைகள் இருந்தால் வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அப்போதெழும் புகையை அவற்றின் மெல்லிய நுரையீரல் தாங்காது.

இனி, கறை சேராமற் காப்பது. லயத்து வீட்டில் எங்கள் அம்மா விறகடுப்பில் பானை ஏற்றுமுன், அதன் அடிப்புறத்தில் ஈரச் சாம்பலைக் குழைத்துப் பூசிவிடுவார். புகைக்கரி யாவும் அந்தப் பூச்சின்மேல் படியும். மாலையில் கழுவும்போது பூச்சோடு கரியும் கழன்றுவிடும். ஓவனில் அந்தப் பூச்சின் வேலையைச் செய்வது, பொங்கி வழியக்கூடிய பாத்திரத்துக்குக் கீழ்க் கம்பியில் வைக்கும் ஒரு வெறுந்தட்டு. ஈயத்தாள் என்று நாம் வழங்கும் அலுமினியத் தாளை ஓவனின் தரையிலேயே விரிப்பது தவறு. காற்றோட்டத்தைத் தடுப்பதோடு, சூட்டில் எனாமலோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். ஏதேனும் வழிந்துவிட்டால், அடுப்பை அணைத்து, வழிந்ததன்மேல் உப்பைத் தூவிவிடுக. உப்பு அதனை உறிஞ்சிக்கொள்ளும். ஆறியபின் எளிதில் பெயர்த்தெடுக்கலாம். உள்ளே கொழுப்பு தீப்பற்றினாலோ, கதவைத் திறவாதீர்; அடுப்பை அணைத்து, கதவை மூடியபடியே விட்டால் காற்றின்றித் தீ அவியும்.

இவ்வளவும் வசதியுள்ள சமையலறையின் கவலைகள். ஊரில் இன்னும் விறகெரிக்கும் பெற்றோர் உள்ளவர்கள் அங்கே செல்லும்போது ஓவனை மறந்து புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். 1950-களிலேயே ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்பவர் புகையில்லா அடுப்பொன்றை வகுத்தார். 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-களில் பரப்பிய பரிஷத் அடுப்பு கேரளத்தில் புகழ்பெற்றது. 1983-இல் இந்திய அரசும் நாடு தழுவிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. இத்தகைய அடுப்புகளிற் பல பின்னர் கைவிடப்பட்டதற்கு ஒரு காரணம் மிகச் சிறியது: புகைபோக்கியினுள் படியும் கரியை எவரும் எடுக்கவில்லை. குழாய் அடைபட்டது, புகை மீண்டும் வீட்டுக்குள்ளேயே திரும்பிற்று. ஈரவிறகு எரியும் எங்கள் மலையடிவாரத்தில் கரியோடு கீலும் சேர்ந்து படிவதால் அடைப்பு விரைவில் உண்டாகிறது. வீட்டுக்குள் சூழும் சமையற்புகை 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 இலட்சம் உயிர்களைக் கொண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எங்கள் அம்மா தம் இறுதி ஆண்டுகளில் இரவெல்லாம் இருமியதை நான் அந்த எண்ணோடு சேர்த்தே நினைக்கிறேன். நீண்ட கழியில் சாக்குத்துணி சுற்றி, திங்கள் ஒருமுறை அக்குழாயைக் கரி நீக்கினால் போதும், மழைக்காலத்தில் இருமுறை. விறகை அடுப்பின் மேற்பரணில் அடுக்கி உலர்த்திய பின்னரே எரிக்க வேண்டும்.

என் தங்கை மகள் இப்பொழுது வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறாள். கைப்புண் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. புதிய வீட்டின் ஓவனைத் திறந்து பார்த்தபோது, முன்பிருந்தவர் விட்டுச்சென்ற கறை விரற்கனம் இருந்ததாம். ஆப்பச் சோடாவைக் கையில் எடுக்குமுன், நாள் தெரியும்படி நான்கு புகைப்படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடு என்று எழுதினேன். அனுப்பிவிட்டாள்.