டெக்சாஸ் மறுத்த டன் கணக்கு

ஒரு தொழிற்சாலையின் புகைபோக்கி வழியாக ஆண்டுக்கு 100 டன் வாயு வெளியேறுகிறது. இது அதிகமா, குறைவா? எந்த வாயு என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது அல்லவா? 2010-ம் ஆண்டில் அமெரிக்க மைய அரசுக்கும் டெக்சாஸ் மாநிலத்துக்கும் மூண்ட சண்டையின் நடுவே இருந்தது இந்தச் சின்னக் கேள்விதான்.

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் 1970-ல் வலுவான வடிவம் பெற்றது. புகைக்கரி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் போன்றவற்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டம் அது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை என்னும் மைய அரசு நிறுவனம் விதிகளை வகுக்கும். ஆலைகளுக்கு அனுமதிச் சீட்டு வழங்கும் வேலையைப் பெரும்பாலும் மாநில அரசுகளே செய்யும். எந்த ஆலைக்கு அனுமதி வேண்டும் என்பதற்கு ஒரு வரம்பும் பின்னர் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆண்டுக்கு 100 டன் மாசு. சில வகை ஆலைகளுக்கு 250 டன்.

கரியமில வாயு இந்தச் சட்டத்துக்குள் வந்தது 2007-ல். மாசசூசெட்ஸ் உள்ளிட்ட 12 மாநிலங்கள், கடல் மட்டம் உயர்ந்து தங்கள் கரை அழிகிறது என்பது போன்ற காரணங்களைக் காட்டி, மைய அரசு ஏன் கட்டுப்பாடு விதிக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தன. டெக்சாஸ் எதிர்த் தரப்பில் நின்றது. உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், கரியமில வாயுவும் சட்டப்படி மாசுதான் என்று தீர்ப்பளித்தது. 2009 டிசம்பரில் முகமையும் இது மக்கள் நலத்துக்குக் கேடு செய்யும் வாயு என்று முடிவு செய்தது.

நாம் மூச்சாக வெளிவிடும் வாயு எப்படி மாசாகும் என்று நீங்கள் கேட்கலாம். காற்றில் மிகுதியாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை. கரியமில வாயுவின் மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவின் இருபுறமும் ஒவ்வோர் ஆக்சிஜன் அணு இருக்கிறது. அது வில் போல் வளைந்து வளைந்து அதிரும்போது, சுமார் 15 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சிக் கொள்கிறது. பூமி வெளிவிடும் வெப்பத்தில் ஒரு பெரும் பங்கு அந்த அலைநீளத்தை ஒட்டியே இருக்கிறது. ஆக, இதில் நஞ்சு எதுவும் இல்லை; தொல்லை அளவில்தான்.

அளவைக் கணக்கிடுவோம். ஒரு டன் நிலக்கரியில் 70 சதவீதம் கார்பன், 2 சதவீதம் கந்தகம் என்று கொள்வோம். 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு. 700 கிலோ கார்பனுக்கு ஏறத்தாழ 2,570 கிலோ! எரித்த நிலக்கரியை விட வெளியேறும் வாயு எடை மிகுந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் யாராவது ஒருவர் நம்ப மறுப்பது வழக்கம். காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜனை மறந்துவிடுகிறார்கள். கந்தகத்தில் 32 கிராமுக்கு 64 கிராம். எனவே 20 கிலோ கந்தகத்துக்கு 40 கிலோ கந்தக டை ஆக்சைடுதான்.

இப்போது 100 டன் வரம்பை வைத்துப் பாருங்கள். அவ்வளவு கந்தக டை ஆக்சைடு வர 2,500 டன் நிலக்கரி எரிய வேண்டும். அது ஓர் ஆலைதான், ஐயமில்லை. ஆனால் 100 டன் கரியமில வாயு வருவதற்கு வெறும் 39 டன் போதும். ஒரு நாளைக்கு 107 கிலோ! குளிர்நாட்டில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தையோ அடுக்குமாடிக் கட்டடத்தையோ சூடாக்க எரிக்கும் எரிபொருளே வரம்பைத் தாண்டிவிடும். அனுமதி பெற வேண்டிய இடங்கள் 15 ஆயிரத்துக்கும் குறைவான எண்ணிக்கையிலிருந்து 61 லட்சமாகப் பெருகும் என்று முகமையே மதிப்பிட்டது.

ஆகவே 2010-ல் முகமை, கரியமில வாயு முதலியவற்றுக்கு மட்டும் வரம்பை 75 ஆயிரம் டன், ஒரு லட்சம் டன் என்று உயர்த்தியது. இங்கேதான் டெக்சாஸ் பிடித்துக் கொண்டது. பாராளுமன்றம் எழுதிய 100 என்னும் எண்ணை ஓர் அலுவலகம் எப்படி ஒரு லட்சமாக மாற்றலாம்? இந்த விதிக்காக எங்கள் சட்டங்களை மாற்ற மாட்டோம் என்று அம்மாநில அதிகாரிகள் 2010 ஆகஸ்டில் கடிதம் எழுதினர்.

இது சட்ட வாதம் மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. கந்தக வாயுவைச் சுண்ணாம்புக் குழம்பைத் தெளித்துப் பிடித்துவிடலாம். ஆலை தொடர்ந்து ஓடும். எரித்த நிலக்கரியைப் போல் இரண்டரை மடங்கு எடையுள்ள வாயுவை அப்படி எளிதாகப் பிடிக்க முடியாது. அதைக் குறைக்க எரிபொருளையே குறைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் நிறைந்த டெக்சாஸ், அமெரிக்க மாநிலங்களிலேயே மிகுதியாகக் கரியமில வாயுவை வெளிவிடுவது. வலி எங்கே என்பது புரிகிறதல்லவா?

மாநிலம் மறுக்கவே 2011 ஜனவரி முதல் மைய அரசே அங்கு இந்த அனுமதியை வழங்கத் தொடங்கியது. புதிய ஆலை கட்டுவோர் மற்ற வாயுக்களுக்கு ஆஸ்டினில் மாநில அலுவலகத்தையும், கரியமில வாயுவுக்கு டாலஸில் மைய அரசு அலுவலகத்தையும் நாட வேண்டியதாயிற்று. தாமதத்தால் சலித்த தொழில்துறையினரே மாநிலம் இந்த வேலையை ஏற்க வேண்டும் என்றனர். 2013-ல் டெக்சாஸ் சட்டமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியது.

2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் பாதித் தீர்ப்பை டெக்சாஸ் பக்கம் கொடுத்தது. சட்டத்தின் எண்களை முகமை திருத்தக் கூடாது. கரியமில வாயுவுக்காக மட்டும் யாரையும் அனுமதி பெறச் சொல்லக் கூடாது. ஆனால் வேறு மாசுகளுக்காக எப்படியும் அனுமதி பெற வேண்டிய ஆலைகளிடம் கரியமில வாயுவையும் கட்டுப்படுத்தச் சொல்லலாம். முகமை ஆலைகளின் வெளியீட்டில் 86 சதவீதத்தைக் கட்டுப்படுத்த விரும்பியது. தீர்ப்புக்குப் பிறகும் 83 சதவீதம் அதன் கையில் இருந்தது. இத்தனை ஆண்டுச் சண்டையும் மீதி 3 சதவீதத்துக்காக என்று சொல்லலாம்!

ஆனால் அடிப்படைச் சண்டை ஓயவில்லை. 2025 ஜூலையில் முகமையே தன் 2009-ம் ஆண்டு முடிவைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. இம்முறை அதை எதிர்த்து எழுதிய மாநிலங்களில் மாசசூசெட்சும் ஒன்று.