சிம்மாசனம் சாய்ந்த எட்டு நாட்கள்



ஜார் மன்னன் வீழ்ந்த கதையை நம்மில் பலர் பாரதியாரின் 'புதிய ருஷியா' கவிதை மூலமாகத்தான் முதலில் கேள்விப்பட்டிருப்போம். 1613 முதல் 304 வருஷம் ஆண்ட ரோமானோவ் வம்சம், எட்டே நாளில் எப்படி விழுந்தது? நான் மெக்கானிக்கல் படிக்கிறவன். அதனால் அரண்மனையை விட்டுவிட்டு, ஆலையிலிருந்தும் ரயில் பாதையிலிருந்தும் இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். அன்றைய ருஷ்யக் காலண்டர் நம் காலண்டருக்கு 13 நாள் பின்தங்கியது. 'பிப்ரவரிப் புரட்சி' மார்ச்சிலும் 'அக்டோபர் புரட்சி' நவம்பரிலும் வருவது அதனால்தான். இங்கே தேதிகள் எல்லாம் நம் காலண்டர்படி.

ரொட்டி எங்கே போச்சு?

1914-ல் ருஷ்யா உலகப் போரில் இறங்கியது. மறுவருஷம் ஜார் இரண்டாம் நிக்கோலஸ் தானே தலைமைத் தளபதியாகி, மொகிலெவ் நகரில் போய் உட்கார்ந்தார். அதன்பிறகு ஒவ்வொரு தோல்வியும் அவர் தலையில்தான் விழுந்தது. நாட்டில் தானியம் இல்லாமல் இல்லை. தெற்கே இருந்ததைத் தலைநகர் பெட்ரோகிராடுக்குக் கொண்டுவர ரயில் போதவில்லை. ஓடுகிற வண்டிகள் போர்முனைக்குப் போயின. பழுதான எஞ்சின்கள் ரிப்பேருக்குக் காத்துக் கிடந்தன. கொட்டும் பனியில் பெண்கள் ரொட்டிக் கடை வாசலில் மணிக்கணக்காகக் கியூவில் நின்றார்கள்.

எட்டு நாட்கள்

புட்டிலோவ் என்பது பீரங்கியும் ரயில் எஞ்சினும் செய்த பெரிய ஆலை. கூலி உயர்வுத் தகராறில் 1917 மார்ச் 7 அன்று நிர்வாகம் அங்கே கதவடைப்புச் செய்தது. மறுநாள் சர்வதேச மகளிர் தினம். நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, பக்கத்து இரும்பு ஆலை வாசல்களில் போய் நின்று ஆண்களைக் கூப்பிட்டார்கள். மார்ச் 10-க்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஸ்ட்ரைக்கில் இருந்தார்கள்.

'உடனே அடக்கு' என்று ஜார் தந்தி கொடுத்தார். மார்ச் 11-ல் துப்பாக்கிச் சூடு, பலர் செத்தார்கள். ஆனால் சுட்ட சிப்பாய்களும் சீருடை மாட்டிய விவசாயிகள்தானே? மறுநாள் காலை வோலின்ஸ்கி படைப்பிரிவு 'இனிச் சுட மாட்டோம்' என்று கிளம்பியது. மற்ற படைகளும் சேர்ந்துகொண்டன.

தலைநகருக்குத் திரும்ப ஜார் ரயிலேறினார். முன்னே பாதை புரட்சிக்காரர் கையில் என்று தகவல் வர, வண்டி பிஸ்கோவ் நகருக்குத் திரும்பியது. அவருடைய தளபதிகளே 'விலகிவிடுங்கள்' என்று தந்தி அனுப்பினார்கள். மார்ச் 15 அன்று அந்த ரயில் பெட்டியிலேயே கையெழுத்துப் போட்டார். மறுநாள் தம்பி மிகயிலும் முடி வேண்டாம் என்றார். அவ்வளவுதான், முடியாட்சி முடிஞ்சுது.

சோவியத்துக்கு வந்த அதிகாரம்

சோவியத் என்றால் மன்றம். நாம் வகுப்புக்கு வகுப்பு பிரதிநிதி அனுப்புகிற மாதிரி, ஆலைகளும் படைப்பிரிவுகளும் ஆள் தேர்ந்தெடுத்து அனுப்பிய மன்றம். அதன் பக்கத்திலேயே இடைக்கால அரசு ஒன்றும் நடந்தது. அது போரை நிறுத்தவில்லை. நிலப் பிரச்சனையையும் தள்ளிப்போட்டது. ஏப்ரலில் நாடு திரும்பிய லெனின், எல்லா அதிகாரமும் சோவியத்துகளுக்கே என்றார். செப்டம்பரில் தளபதி கோர்னிலோவ் தலைநகர் மீது படை அனுப்பியபோது, ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்து வண்டிகளை மடக்கினார்கள். நவம்பர் 7-ல் போல்ஷிவிக்குகள் தந்தி நிலையம், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், ரயில் நிலையங்கள், அரசு வங்கி எல்லாவற்றையும் பிடித்த பிறகு, கடைசியாகத்தான் குளிர்கால அரண்மனைக்குள் நுழைந்தார்கள். மறுநாளே சமாதான ஆணையும் நில ஆணையும் வந்தன.

அப்புறம்?

1920-ல் 30 மின் நிலையங்கள் கட்டும் மின்மயத் திட்டம் போட்டார்கள். உள்நாட்டுப் போரில் நாடு நாசமாகிக் கிடந்த நேரத்தில் இது சாதாரண விஷயமில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. தேர்தலில் போல்ஷிவிக்குகளுக்குப் பெரும்பான்மை கிடைக்காத அரசியல் நிர்ணய சபை, 1918 ஜனவரியில் ஒரே கூட்டத்தோடு கலைக்கப்பட்டது. 1921-ல் குரோன்ஷ்டாட் மாலுமிகள் சோவியத்துகளுக்குச் சுதந்திரமான தேர்தல் கேட்டார்கள். பீரங்கியால் பதில் வந்தது. 1922-ல் உருவான சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது.

என் கருத்து இதுதான். ஜாரின் உத்தரவை நிறைவேற்ற ஆள் இல்லாமல் போனபோது முடியாட்சி விழுந்தது. ஆலையில் நிற்பவன் தன் பிரதிநிதியை மாற்ற முடியாமல் போனபோது, சோவியத் என்பதில் பெயர் மட்டும்தான் மிச்சம் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிச்சாதான் 1917 நமக்குப் புரியும்.