வெளிநாட்டில் குழந்தை பார்க்கும் வேலை: ‘ஓ பேர்’ வேறு, வீட்டுப் பணிப்பெண் வேறு - கிளம்பும் முன் தெரிய வேண்டிய விதிகள்

நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலை ஏறுபவர்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடம் காரவள்ளி. மலையிலிருந்து மிளகும் பலாவும் அன்னாசியும் இறங்கி வருவது இந்த வழியாகத்தான். வேலை தேடி இறங்குபவர்களுக்கும் இதுவே வழி. அந்த அடிவாரத்தில் ஒரு பெண்ணின் போனுக்கு இப்படி ஒரு அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம்.

“அக்கா, வெளிநாட்டுல ஒரு வீட்டுல குழந்தையப் பார்த்துக்கணும், அவ்வளவுதான். சாப்பாடு, தங்கறது எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க. நீங்க பாஸ்போர்ட் மட்டும் எடுங்க, மத்தத நாங்க பார்த்துக்கிறோம்.”

இந்தப் பேச்சில் எந்த நாடு, எந்த விசா, என்ன ஒப்பந்தம் என்ற மூன்றுமே இல்லை. அந்த மூன்றைப் பொறுத்துத்தான் அந்தப் பெண் பாதுகாப்பாகப் போய் வருவாரா, பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துவிட்டு ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொள்வாரா என்பது இருக்கிறது.

‘ஓ பேர்’ என்றால் என்ன?

பிரெஞ்சு மொழியில் ‘சமமாக’ என்று பொருள்படும் சொல் இது. இளம் வயதினர் வேறொரு நாட்டில் ஒரு குடும்பத்துடன் தங்கி, குழந்தைகளைக் கவனித்து, சிறு வீட்டு வேலைகளில் உதவி, அந்த நாட்டு மொழியையும் வாழ்க்கையையும் கற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு. சட்டப்படி அவர் வேலைக்காரர் அல்ல, வீட்டில் ஒருவர். அதனால் கையில் கிடைப்பது சம்பளம் அல்ல, கைச்செலவுப் பணம்.

எல்லா நாட்டிலும் இந்தத் திட்டம் இல்லை. பிரிட்டன் 2008இல் ஓ பேர் விசாவை எடுத்துவிட்டது. நார்வே, வீட்டு வேலைக்குக் குறைந்த கூலியில் ஆள் பிடிக்கும் வழியாக இது மாறிவிட்டது என்ற புகார்களுக்குப் பிறகு, 2024இல் நிறுத்திவிட்டது. ஆகவே “லண்டன்ல ஓ பேர் வேலை” என்று யாராவது சொன்னால், அந்தப் பெயரில் விசாவே கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஜெர்மனியின் விதிகள்

இந்தியர்கள் விண்ணப்பிக்கக்கூடிய நாடுகளில் ஒன்று ஜெர்மனி. அங்கே விதிகள் தெளிவாக எழுதப்பட்டுள்ளன.

● வயது: 18 நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக் கூடாது.

● மொழி: ஜெர்மன் மொழியில் ‘ஏ1’ எனும் தொடக்க நிலைத் தேர்ச்சி வேண்டும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் எனப்படும் கோதே நிறுவனத்தில் இந்தத் தேர்வை எழுதலாம்.

● நேரம்: நாளுக்கு 6 மணி, வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. ஓராண்டு இருந்தால் நான்கு வாரம் விடுமுறை.

● பணம்: மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு. மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ தனி. உணவும் தனி அறையும் இலவசம். காப்பீட்டுச் செலவும் அந்தக் குடும்பத்துடையது.

● காலம்: குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஓராண்டு. மறுபடியும் ஓ பேராகப் போக முடியாது.

● குடும்பம்: வீட்டில் ஜெர்மன் பேசப்பட வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்கு ஓ பேராகப் போக முடியாது.

முதியோரையோ நோயாளியையோ பராமரிக்கும் வேலையைத் தரக் கூடாது. ஜெர்மனியில் உள்ள இடைத்தரகு நிறுவனம் ஓ பேரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் 150 யூரோ என உச்சவரம்பு உண்டு.

280 யூரோ என்பது சுமார் 25 முதல் 30 ஆயிரம் ரூபாய். விமானச் செலவு பொதுவாக ஓ பேரின் கையிலிருந்துதான். மொழி வகுப்பு, தேர்வு, விசாக் கட்டணம் எல்லாம் கூட்டிப் பார்த்தால், கடனை அடைக்கவோ வீட்டுக்கு மாதாமாதம் அனுப்பவோ இந்தப் பணம் போதாது. பிளஸ் டூ முடித்து, ஜெர்மன் கற்று, பிறகு அங்கே தொழிற்பயிற்சி சேர நினைக்கும் 19 வயதுப் பெண்ணுக்கு இது ஒரு வாசல். குடும்பத்தைத் தாங்க வேண்டிய 32 வயதுத் தாய்க்கு இந்த வாசல் வயதாலேயே மூடியிருக்கிறது.

வளைகுடா: இங்கே அது ‘வேலை’

தமிழ்நாட்டிலிருந்து குழந்தை பார்க்க, சமைக்க என்று போகும் பெண்களில் பலர் செல்வது குவைத், ஓமன், சவுதி போன்ற நாடுகளுக்கு. அங்கே பெயர் ஓ பேர் அல்ல, வீட்டுப் பணிப்பெண். அதற்கு இந்தியச் சட்டம் வேறு.

10ஆம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ‘இ.சி.ஆர்.’ வகை. கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை. குடியகல்வு அனுமதி தேவை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இந்தப் பாஸ்போர்ட்டுடன் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டு குடியகல்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு இவர்களை அனுப்புவது அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் என்று 2016இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த நிறுவனம், 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு மனிதவள நிறுவனம். அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

இந்த வழியில் போனால் ஒப்பந்தம் பதிவாகிறது. ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடும் கட்டாயம். இரண்டாண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

போகும் நாட்டிலும் சட்டம் உண்டு. குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டப்படி நாளுக்கு 12 மணி நேரம்தான் உச்சவரம்பு. வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுமுறை. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால், வீட்டுக் கதவுக்குள் நடப்பதை யார் பார்ப்பது? அதனால்தான் பதிவான ஒப்பந்தமும் தூதரகத்தின் தொடர்பும் முக்கியமாகின்றன.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

எட்டாவது வரை படித்த 27 வயதுப் பெண்ணுக்கு ஓ பேர் வயது தாண்டிவிட்டது. வளைகுடா வீட்டு வேலைக்கு வயது போதாது. “அதெல்லாம் பிரச்சனை இல்லீங்க, டூரிஸ்ட் விசால போயிரலாம். அங்க போய் மாத்திக்கலாம்” என்று ஏஜென்ட் சொல்வது இந்த இடத்தில்தான்.

டூரிஸ்ட் விசாவில் போனவருக்கு இந்தியக் கணக்கில் வேலையே இல்லை. ஒப்பந்தம் இல்லை, கட்டாயக் காப்பீடு இல்லை. அங்கே சம்பளம் தராவிட்டால் கேட்க ஒரு காகிதமும் இருக்காது. விசா நாள் முடிந்துவிட்டால் குற்றவாளியாக நிற்பது அந்தப் பெண்தான்.

பத்தாவது தேறியவர்களிடம் “உங்களுக்கு அனுமதியே தேவையில்ல” என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அனுமதியோடு சேர்ந்து வரும் பாதுகாப்பும் தானாகக் கிடைக்காது. ஒப்பந்தத்தையும் காப்பீட்டையும் தாமே கேட்டு வாங்க வேண்டும்.

பதிவு பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பதிவு பெற்ற முகவர்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கு ரசீது தர வேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கிளம்பும் முன்

● விசாவில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது? வேலைக்குப் போகிறவர் கையில் டூரிஸ்ட் விசா இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

● ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சம்பளம், வேலை நேரம், ஓய்வு நாள், திரும்பி வரும் டிக்கெட் யாருடையது என நான்கும் அதில் இருக்க வேண்டும்.

● பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், முதலாளி முகவரி ஆகியவற்றின் நகல் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும்.

● பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகக் கொடுத்தால் பின்னால் புகாருக்கு ஆதாரம்.

சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793, மத்திய அரசின் உதவி எண் 1800 11 3090 இரண்டிலும் கட்டணமின்றிப் பேசலாம். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் புகார் தரலாம். வெளிநாட்டில் சிக்கியவருக்காக ஊரிலிருக்கும் குடும்பமே வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது பாஸ்போர்ட் எண்ணும் முதலாளியின் முகவரியும்தான். அந்த நகல் காரவள்ளியில் யாருடைய வீட்டுப் பெட்டியிலாவது இருக்க வேண்டும்.